தறியும் தொட்டிலும்

துணிகளுக்குள்ளும் ஒரு வரிசை உண்டு. மணவறைக்குப் போகும் பட்டு அதில் முதலாவது. தொழுகைக்குப் போகும் வெள்ளை வேட்டிக்கும் பெருநாள் கைலிக்கும் அடுத்தடுத்த இடங்கள். எல்லாவற்றுக்கும் கடைசியில், எவரும் திரும்பிப் பாராத மூலையில், அடுக்களையிலே பாத்திரம் துடைக்கும் துணி கிடக்கிறது. நம் வீடுகளில் அதற்குக் கரித்துணி என்றுதான் பெயர். கைலி நைந்தால் தொட்டில் துணியாகும். தொட்டில் துணி நைந்தால் கரித்துணியாகும். அதற்கெனப் புதிய நூல் வாங்கி, பாவு ஓட்டி, கஞ்சியிட்டு, கரைபோட்டு நெய்வார் உண்டோ என்று கேட்டால், தமிழகத்து அடுக்களைகளில் எவரும் சிரிக்கத்தான் செய்வார்கள். நாங்களும் சிரித்தோம். பிறகு அதைத்தான் நெய்தோம்.

இதனை எழுதுகிறவர்கள் இருவர். ஓர் ஆணும் பெண்ணும். நாற்பதாண்டுக் காலம் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவர்கள். பேனா பிடிக்கும் கை ஒன்றாயினும் நினைவு இருவருடையது. ஆதலால் 'நாங்கள்' என்றே சொல்லிச் செல்கிறோம். எங்கள் நினைவுகள் ஒத்துப்போகாத இடங்களும் உண்டு. அவற்றை மறைக்கப் போவதில்லை.

எங்கள் ஊர் மேலப்பாளையம். திருநெல்வேலிக்கு எதிரே, தாமிரபரணிக்கு இப்பால் உள்ளது. இன்று அந்த ஊரின் பெயரைச் சொன்னால் பீடித் தட்டும் மாட்டுச் சந்தையும் நினைவுக்கு வருவோர் பலர். முற்காலத்தில் அது தறியூர். விடியற்காலையில் பாவடித் தெருவில் நீளநீளமாகப் பாவுகளை விரித்துக் கஞ்சி தேய்ப்பார்கள். சுபுஹுத் தொழுகை முடித்து வருகிறவர்கள் அந்தப் பாவுகளின் அடியில் குனிந்து வருவார்கள். நிமிர்ந்து நடந்தால் இழை அறும். இழை அறுந்தால் வசவு விழும். எங்கள் பாட்டனார் காலத்தில் இப்படித் தெருவில் விரிந்த நூல்தான் கைலியாகிக் கப்பலேறியது. மலாய் நாட்டில் கட்டம் போட்ட கைலியைக் 'காயின் பெலிகாட்' என்கிறார்கள். அந்தப் பெலிகாட் வேறொன்றுமில்லை, சென்னைக்கு வடக்கேயுள்ள பழவேற்காடுதான். ஊரின் பெயரே உடையின் பெயராய்க் கடல் கடந்து நிலைத்துவிட்டது. அத்தகைய கைலி நெய்த மரபில் வந்த எங்களிடம், 1992ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு வியாபாரி வந்து, தட்டுத் துடைக்கும் துண்டு நெய்யச் சொன்னார்.

"வெளிநாட்டுக்காரன் சாப்பிட்ட தட்டைக் கழுவி, இதாலதான் துடைப்பான்" என்றார் அவர். எங்களுள் பெண்ணானவர் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். கழுவிய தட்டைக் கவிழ்த்து வைத்தால் தானே காய்ந்துவிடாதா? ஆனால் செய்தி மெய்தான். கரூரிலிருந்தும் கேரளத்துக் கண்ணூரிலிருந்தும் அடுக்களைத் துண்டுகள் மேலை நாடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தன. எங்களுக்கு வந்தது அந்தப் பெருவழியிலிருந்து பிரிந்த சிறு வாய்க்கால்.

பன்னிரண்டு டஜன், அதாவது 144 துண்டுகள். அகலம் 18 அங்குலம், நீளம் 27 அங்குலம். வெள்ளை நிலம், இரு தலைப்பிலும் நான்கு நான்கு சிவப்புக் கோடுகள், எல்லாம் அச்சிட்டாற்போல் ஒன்றாயிருக்க வேண்டும். நூல் அவர் தருவார். துண்டுக்குக் கூலி இரண்டு ரூபாய். முன்பணம் நூறு. தவணை டிசம்பர் 15.

அறியாதவர்களுக்காக ஒரு கணக்குச் சொல்கிறோம். எங்கள் நெசவில் அங்குலத்துக்கு 36 ஊடை. 27 அங்குலத்துக்கு 972 ஊடை. நாடா வலமிருந்து இடமும் இடமிருந்து வலமுமாக 972 முறை ஓடினால் ஒரு துண்டு. ஒவ்வோர் ஓட்டத்துக்கும் மிதி மாறவேண்டும், பலகை ஓங்கி அடிக்கவேண்டும். ஊடை நூலைச் சிறு குச்சியில் சுற்றித் தார் ஆக்கி நாடாவுக்குள் வைக்கிறோம். தார் தீர்ந்தால் தறி நிற்கும். ஆகவே ஒருவர் தறியில் அமர, மற்றொருவர் ராட்டையில் தார் சுற்றிக்கொண்டேயிருக்க வேண்டும். தார் சுற்றுவது பெரும்பாலும் பெண்கள் வேலை. அந்நாளில் 'உன் தொழில் என்ன' என்று கேட்டால் அவர்களே 'சும்மா வீட்டிலதான் இருக்கேன்' என்பார்கள். 2019-20இல் நாடு தழுவி எடுத்த கைத்தறிக் கணக்கில், நெசவிலும் அதன் துணைவேலைகளிலும் உள்ள ஏறத்தாழ 35 லட்சம் பேரில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டோர் பெண்கள் என்று கண்டார்கள். வீட்டில் சும்மா இருந்தவர்கள் அவர்கள்தாம்.

தடையின்றி அமர்ந்தால் அரைமணி நேரத்துக்கு ஒரு துண்டு. நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு எளிதில் ஆகும். பிரசவம் நவம்பர்க் கடைசியில் என்று சொல்லியிருந்தார்கள். அதற்குள் நெய்து கொடுத்துவிட்டு, வரும் கூலியில் மருத்துவச் செலவைச் சமாளிக்கலாம் என்பது எங்கள் திட்டம். அக்டோபர் நடுவில் பாவு தறியேறியது. ஒன்பது துண்டு முடிந்திருந்தது. அக்டோபர் 18ஆம் நாள், ஐப்பசி பிறந்த மறுநாள், குழந்தை பிறந்துவிட்டது.

பெண் குழந்தை. எடை 1 கிலோ 800 கிராம். அதற்கு முன் ஒரு குழந்தையை நாங்கள் மண்ணுக்குக் கொடுத்திருந்தோம். அதைப் பற்றி இங்கே எழுதுவதற்கில்லை. வாங்கு சொல்வதற்காக வலக்காதருகே குனிந்தபோது, அந்தக் காது ஒரு புளியங்கொட்டையளவே இருந்தது என்பது மட்டும் நினைவிருக்கிறது. வாங்கை முணுமுணுப்பாகச் சொல்லி முடித்தோம். உரக்கச் சொன்னால் அந்தக் காது தாங்குமோ என்று பயமாயிருந்தது.

பன்னிரண்டு நாள் மருத்துவமனை வாசம். குழந்தைக்கு உறிஞ்சிக் குடிக்கும் வலு இல்லை. பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் ஊற்றிச் சொட்டுச் சொட்டாய்ப் புகட்ட வேண்டும். உறவுக்காரப் பெண்கள் சீனித் தண்ணீரும் தேனும் கொண்டுவந்து, சேனை வைக்க வேண்டாமா என்றார்கள். அங்கிருந்த நர்ஸ் ஒருவர் கண்டிப்பானவர். "சீம்பாலைத் தவிர ஒன்றும் கூடாது" என்று எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டார். அன்று எங்களுக்கு மனவருத்தந்தான். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் ஆபத்தானது என்று பின்னாளில் படித்தபோது அவரை நினைத்துக்கொண்டோம். அவரே சொல்லிக்கொடுத்த மற்றொன்று, குழந்தையை வெறும் மார்போடு அணைத்து, மேலே துணி சுற்றி, பகலெல்லாம் வைத்திருப்பது. தாய் களைத்தால் தகப்பன் வைத்துக்கொள்ளலாம் என்றார். பிள்ளை பெற்ற அறையில் ஆண்பிள்ளைக்கு என்ன வேலை என்று ஊர் கேட்கும் காலம் அது. கொலம்பியா நாட்டுப் பொகோட்டா நகரில் 1978ஆம் ஆண்டளவில், குறைமாதக் குழந்தைகளைச் சூடாக வைக்கும் பெட்டிகள் போதாமையால் மருத்துவர்கள் கண்ட வழி இது என்பதும், கங்காருவின் பெயரால் வழங்குகிறது என்பதும் அப்போது எங்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரிந்தது அந்த நர்ஸின் குரல் மட்டுமே. தட்ட முடியாத குரல்.

வீட்டுக்கு வந்தோம். மாமியும் உம்மாவும் முன்பே காலமாகிவிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒருவர்தாம் துணை. நாற்பது நாள் கழியுமுன் பிள்ளை பெற்றவள் ராட்டையைத் தொடலாகாது என்று அவர் தடுத்துப் பார்த்தார். ஆனால் தார் சுற்ற வேறு யார் இருக்கிறார்கள்? குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டு, சுவரில் சாய்ந்து, வலக்கையால் ராட்டையைச் சுழற்றி இடக்கையால் இழையைப் பிடித்துத் தார் சுற்றினார் எங்களுள் ஒருவர். அங்கே ராட்டையின் ரீங்காரம், இங்கே பலகையின் ஓசை. குழந்தை அயர்ந்து உறங்கியது. வேடிக்கை என்னவென்றால், தறி நின்றால் அது விழித்துவிடும். இழை அறுந்து பிணைக்க நின்றாலும் விழிக்கும்; தார் மாற்ற நின்றாலும் சிணுங்கும். தொட்டில் கயிற்றைப் பலகையோடு பிணைத்துவிட்டால் நெய்யும்போதே தொட்டிலும் ஆடுமே என்று எங்களுள் மற்றவருக்கு ஒரு யோசனை தோன்றியது. பலகை ஆடுவது இழுத்து அடிக்கும் ஆட்டம், தாலாட்டும் ஆட்டமன்று. முதல் அடியிலேயே தொட்டில் உதறியது. பெரியம்மா வந்து கயிற்றை அவிழ்த்து எறிந்துவிட்டு, அன்றைய பொழுது முழுதும் ஆண்வர்க்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

இரண்டு மணிக்கொரு தடவை பாலாடை. ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம் பிடிக்கும். தாய் பீய்ச்ச, தகப்பன் மடியில் வைத்துப் புகட்டுவார். ஒரு சொட்டு உள்ளே போகும், ஒரு சொட்டுக் கடைவாயில் வழியும். பிறகு தோளில் சாய்த்துத் தட்டவேண்டும். பிறகு தறிக்குழியில் இறங்கவேண்டும். பன்னிரண்டு துண்டு ஆகவேண்டிய நாளில் இரண்டு ஆகும், மூன்று ஆகும். நேரத்தைக் கடிகாரத்தால் அளப்பதை விட்டோம். "இன்னும் அரைத் துண்டில் பால் கொடுக்கணும்" என்று பேசிக்கொள்வது வழக்கமாகிவிட்டது.

இங்கே ஒரு நெசவுச் செய்தியைச் சொல்லியாக வேண்டும். நடுத்துண்டில் நெய்பவர் எழுந்து போனால், பாவு இழுவையிலேயே நிற்கும். நின்ற இழைகள் சற்று நீளும். திரும்பிவந்து முதல் ஊடையை அடிக்கும்போது, முன்பு அடித்த இழுவையும் கைவேகமும் அப்படியே வாய்ப்பதில்லை. அந்த இடத்தில் ஊடை சற்று நெருங்கியோ விலகியோ விழும். துணியை வெளிச்சத்தில் பிடித்தால் குறுக்கே மயிரிழை போல ஒரு கோடு தெரியும். நல்ல நெசவாளர் ஒரு துண்டை முடிக்காமல் எழமாட்டார் என்பது இதனால்தான். எழுந்தால் பாவைத் தளர்த்திவிட்டு எழவேண்டும் என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் குழந்தை வீறிடும்போது பாவைத் தளர்த்திக்கொண்டிருப்பவர் எவர்? எங்கள் துண்டுகளில் கோடு விழத் தொடங்கியது.

இருபத்தோராம் நாள் முடியிறக்கினோம். முடியை நிறுத்து அதன் எடைக்கு வெள்ளி தருமம் செய்வது மரபு. தட்டான் கடைத் தராசில் வைத்தபோது முள் அசையவேயில்லை. தட்டான் பொடிக்கல்லைத் தேடி வைத்துப் பார்த்துவிட்டு, "ஏதோ இருக்கு, நீங்களே பார்த்துக் குடுங்க" என்றார். எங்களால் இயன்றதைக் கொடுத்தோம். அகீகா ஆட்டுக்கு அப்போது வசதியில்லை. அது பின்னர் நடந்தது.

நவம்பர் 13. அவ்வாண்டு தாமிரபரணியில் வந்த பெருவெள்ளத்தைத் திருநெல்வேலிச் சீமையில் அந்த வயதுடையோர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆறு எங்கள் தெருவுக்கு வரவில்லை. ஆனால் மண்ணுக்கடியில் வந்துவிட்டது. குழித்தறியின் குழியில் ஊற்றெடுத்து, மிதிகள் நீரில் மூழ்கின. மழைக்காலத்து ஈரம் நெசவுக்கு ஒரு வகையில் நல்லது. பருத்தி நூல் ஈரத்தில் வலுக்கும், இழை அறுவது குறையும். அதற்காக இடுப்பளவு தண்ணீரில் அமர்ந்து நெய்ய முடியுமா? சட்டியால் மொண்டு மொண்டு ஊற்றினோம். மொண்ட அளவு மீண்டும் ஊறியது. நான்கு நாள் தறி ஓடவில்லை. தறியோசை இல்லாத அந்த நான்கு நாளும் குழந்தை உறங்கவில்லை என்பது இருவர் நினைவிலும் ஒன்றுபோல் இருக்கிறது.

அதே நாளில் ஓடு ஒழுகி, வியாபாரி தந்த சிவப்பு நூல்மீது இரவெல்லாம் தண்ணீர் இறங்கியிருந்தது. காலையில் பார்த்தால் சாயம் கசிந்து, பக்கத்திலிருந்த வெள்ளை நூலிலும் ரத்தம் போல் பரவியிருந்தது. அதுவரை முடிந்தவை 43 துண்டுகள். மீதி 101 துண்டுகளுக்குச் சிவப்புக்கு எங்கே போவது? வியாபாரியிடம் போய்ச் சொல்ல முகமில்லை, வழியும் வெள்ளக்காடு. பரணில் ஒரு சாக்கு நிறையக் கைலி நெய்து மிஞ்சிய வண்ண நூல் கிடந்தது. மயில்கழுத்து நீலம், மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, அரக்கு, கத்தரிப்பூ நிறம். எதுவும் ஐந்தாறு துண்டுக்கு மேல் வராது. வருவதை வைத்து நெய்வோம் என்று தீர்மானித்தோம். தீர்மானித்தது யார் என்பதில்தான் இன்றுவரை வழக்கு.

உண்மையைச் சொன்னால், அந்த நாட்களில் எங்களுக்கு ஓர் இரகசிய மகிழ்ச்சி இருந்தது. எந்தத் துண்டுக்கு எந்த வண்ணம் என்று பாலாடை புகட்டும்போதே பேசிக்கொள்வோம். மஞ்சளை அடுத்து நீலம் போட்டால் கண்ணைக் குத்துமா, இடையில் இரண்டிழை வெள்ளை விடலாமா என்று தர்க்கம் நடக்கும். கைலிக் கட்டங்களைப் பரம்பரையாக வாய்ப்பாடு போல் நெய்துவந்த கைகள், முதன்முதலாகத் தம் விருப்பத்துக்கு நெய்தன. நாற்பது நாளும் கழிந்து, குளித்து எழுந்த தாயும் தறியில் அமரத் தொடங்கினார். அவர் அமரும்போது குழந்தை தகப்பனின் மார்பில் கைலித் துணியால் கட்டப்பட்டிருக்கும். அவர் தார் சுற்றுவார். தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டோம்.

நாற்பத்திரண்டாம் நாள் இரவு குழந்தைக்கு இருமல் கண்டது. மேல் கொதித்தது. அந்த நர்ஸ் விடைகொடுக்கும்போது ஒன்று சொல்லியிருந்தார்: "மூச்சை எண்ணுங்க. நிமிஷத்துக்கு அறுபதோ அதுக்கு மேலயோ போனா, ராத்திரின்னு பார்க்காதீங்க." கடிகாரத்தை அரிக்கன் விளக்கருகே வைத்து எண்ணினோம். ஐம்பத்திரண்டு. இன்னும் பொறுக்கலாம் என்று தோன்றியது. வெளியே மழை. தவணைக்கோ பதினாறு நாளே இருந்தது. ஒருவர் குழந்தையை நிமிர்த்தி வைத்துக்கொள்ள, மற்றவர் தறியில் இறங்கினார். கால்மணிக்கொரு தடவை எழுந்துபோய் இருவருமாய் எண்ணுவோம். ஒருவர் எண்ணினால் நம்பிக்கை வராது. ஐம்பத்து நான்கு. ஐம்பத்தாறு. மறுபடி தறி. ஐம்பத்தாறு. அந்த இரவில் ஏன் நெய்தோம் என்று பிறகு எங்களையே நாங்கள் பலமுறை கேட்டிருக்கிறோம். கடன் ஒரு காரணம். சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க முடியாமற் போனது இன்னொரு காரணம். தறி ஓடினால் குழந்தை உறங்குகிறது என்ற பழைய நம்பிக்கையும் இருந்திருக்கலாம். சுபுஹு வாங்குக்குச் சற்று முன் எண்ணியபோது அறுபத்து நான்கு. நாடாவைப் பாவின் மேலேயே போட்டுவிட்டு, ரிக்ஷா தேடி ஓடினோம்.

சளிக் காய்ச்சல் நுரையீரலைத் தொட்டிருந்தது. ஆறு நாள் ஊசி. மூன்றாம் நாள் ஒரு மருத்துவர் எங்கள் தொழிலைக் கேட்டார். தறி என்றதும், குழந்தை எங்கே படுக்கும் என்று கேட்டார். தறியறையில் என்றோம். அவர் கோபிக்கவில்லை, பேனாவை மூடி வைத்துவிட்டு, "பஞ்சுத் துகள் இருக்கிற இடத்தில் இந்த எடைக் குழந்தையை வைக்கலாமா?" என்றார். அந்தக் கேள்வியை முப்பதாண்டுகளுக்கு மேலாகச் சுமந்து வருகிறோம். ஆலைகளில் பஞ்சு அடிக்கும், சிக்கெடுக்கும் பகுதிகளில் ஆண்டுக்கணக்கில் வேலை செய்வோருக்குப் பைசினோசிஸ் என்னும் நெஞ்சு நோய் வருமென்றும், முறுக்கேறிக் கஞ்சியிட்ட நூலை நெய்யும் கைத்தறியில் துகள் அவ்வளவில்லை என்றும் பின்னாளில் படித்தோம். படித்தது ஆறுதலுக்குப் போதவில்லை. மழை, ஈரத்தரை, விறகுப் புகை, குறைமாதம் என்று காரணங்கள் பல இருந்தன. தறியும் அவற்றுள் ஒன்றோ என்னவோ. அந்தத் தறிதான் பாலுக்கும் மருந்துக்கும் காசு தர வேண்டியிருந்தது.

இறையருளால் குழந்தை பிழைத்தது. வீடு திரும்பியபின் தொட்டில் பெரியம்மா வீட்டுத் தாழ்வாரத்துக்கு மாறியது. தறியறை வாசலில் ஈரத்துணித் திரை தொங்கவிட்டோம். பாலூட்டும் நேரம் வந்தால் தறியில் இருந்தவர் கைகால் கழுவி, மேல்துணி மாற்றி, அதன்பின்தான் குழந்தையைத் தொடுவது என்றாயிற்று. பெரியம்மா, "தறிச்சத்தம் இங்கேயும் கேக்குதே, அதான் தூங்குது" என்றார். 101 துண்டும் முடிந்தபோது டிசம்பர் 22. தவணை தாண்டி ஏழு நாள்.

வியாபாரி ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். சிவப்புக் கரையுள்ள 43இல் ஏழில் கோடு இருந்தது, அவற்றை ஒதுக்கினார். வண்ணக்கரையுள்ள 101ஐயும் பார்க்காமலே ஒதுக்கினார். 36 எடுத்துக்கொண்டார். மூன்று டஜனுக்குக் கூலி எழுபத்திரண்டு ரூபாய். முன்பணம், நனைந்த நூல், ஒதுக்கிய 108 துண்டின் நூல் எல்லாம் எங்கள் கணக்கில் ஏறி, நாங்கள் அவருக்கு 430 ரூபாய் தரவேண்டும் என்று வந்தது. அன்று அவரைக் கல்நெஞ்சர் என்றோம். அவருக்கும் மேலே ஒருவர் இருந்திருப்பார், அவரும் இதே துண்டுகளை இதைவிடப் பெரிய வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார் என்று பின்னர் தோன்றியது. தோன்றியதே தவிர, அவர் கடைப்பக்கம் நாங்கள் மறுபடி போனதில்லை.

108 துண்டும் மூலையில் கிடந்தன. அவற்றை விற்றுக் கொடுத்தது ரமலான். 1993 பிப்ரவரிக் கடைசியில் நோன்பு தொடங்கியது. அஸருக்குப் பின் பள்ளிவாசலில் கஞ்சி வாங்கத் தூக்குவாளியோடு பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். கொதிக்கும் கஞ்சியைப் பிள்ளைகள் தூக்கிவரக் கைக்குத் துணி வேண்டும். பெரியம்மா தம் பேரனிடம் எங்கள் துண்டொன்றைக் கொடுத்தனுப்பினார், மாம்பழ மஞ்சளும் நீலமும். மறுநாள் நான்கு வீட்டுப் பெண்கள் வந்து கேட்டார்கள். புதுத்துண்டு கஞ்சியிட்ட விறைப்போடு இருக்கும், தண்ணீரை உறிஞ்சாது. ஆதலால் இரண்டு தடவை கொதிநீரில் போட்டு அலசிக் காயவைத்துக் கொடுத்தோம். அலசியபின் பூப்போல் ஆகிவிட்டது. துண்டு ஐந்து ரூபாய். பெருநாளைக்கு முன்பே 96 துண்டு போய்விட்டது. 480 ரூபாய். கடனை ஆளனுப்பி அடைத்தோம், மீதி ஐம்பது. கோடு இருக்கிறதே என்று எங்கள் தெருவில் ஒருவரும் கேட்கவில்லை. கஞ்சிவாளி பிடிக்கிறவர் துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாரா?

மீந்த பன்னிரண்டை விற்கவில்லை. அவைதாம் குழந்தையைக் குளிப்பாட்டித் துவட்டும் துணிகளாயின.

தறியின் கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறோம். விசைத்தறியோடு போட்டியிட முடியாமற் போகும் என்பதால் 1985இல் ஒரு சட்டம் வந்தது. 22 வகைத் துணிகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கியது. பின்னாளில் அந்தப் பட்டியல் 11ஆகச் சுருங்கியது. பட்டியல் நீண்டபோதும் சுருங்கியபோதும் எங்கள் தெருவில் தறிகள் குறைந்துகொண்டேதான் வந்தன. 2003இல் நாங்களும் குழியை மூடித் தளம் போட்டோம். ஒருவர் ஜவுளிக் கடையில் கணக்கெழுதப் போனார். மற்றவர் மடியில் பீடித் தட்டு ஏறியது. பஞ்சுத் துகளுக்குப் பயந்தவர்கள் புகையிலைத் துகளுக்கு நடுவே அமர்ந்தோம்.

அந்த 1 கிலோ 800 கிராம் இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். சென்ற ஆண்டு இளையவன் பிறந்தபோது எங்களிடம் வந்திருந்தாள். அலமாரியில் எஞ்சியிருந்த ஏழு துண்டுகளை எடுத்து விரித்தாள். "வாப்பா, நான் காய்ச்சலாக் கிடந்த ராத்திரி நெய்தது இதில் எது?" என்று கேட்டாள். ஜன்னலருகே கொண்டுபோய் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தோம். கிளிப்பச்சைக் கரையுள்ள துண்டில் ஐந்து கோடுகள், கடைசிக் கோடு தடித்து, ஆறு நாள் நின்ற தறியின் கோடு போலவே இருக்கிறது. இதுதான் என்றார் எங்களுள் ஒருவர். இல்லை, அன்றிரவு தாரில் இருந்தது கத்தரிப்பூ நிறம், என் கையால் சுற்றிய தார் எனக்குத் தெரியாதா என்றார் மற்றவர். கத்தரிப்பூ நிறத் துண்டில் எண்ணினால் அதிலும் ஐந்து கோடு. பேச்சு நீண்டுகொண்டே போயிற்று. இடையில் தொட்டிலில் கிடந்தவன் விழித்துக்கொண்டான். அவள் இரண்டு துண்டுகளையும் தோளில் போட்டுக்கொண்டு அவனை எடுக்கப் போய்விட்டாள்.